அமலோற்பவம் நிற்காத ஒன்பது நாட்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், திராட்சைப் பந்தல்கள் மலையடிவாரம்வரை ஏறிப்போய் அதற்குமேல் ஏற மனமில்லாமல் நின்றுவிடுகிற இடத்தில், மேலச்சவரியார்பட்டி என்றொரு ஊர் உண்டு. அந்த ஊரில் ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு அமலோற்பவத்தின் சைக்கிள் நிற்க மறுத்தது.

அமலோற்பவத்துக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு கொடியைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கண் விட்டு வெட்டினால் எத்தனை குலை தள்ளும் என்று சொல்லிவிடுவாள், சொன்னபடியே தள்ளும். அண்ணன் ஞானப்பிரகாசத்தின் மனைவி இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்துபோனபோது, பிள்ளைகள் கொஞ்சம் தலையெடுக்கட்டும் என்று அண்ணன் வீட்டு அடுப்படிக்குள் போனவள், பிள்ளைகள் தலையெடுத்து ஒருத்தன் மதுரைக்கும் ஒருத்தி பெங்களூருக்கும் படிக்கப் போன பிறகும் அந்த அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. பதினெட்டு வருஷம் அப்படிப் போனது. அண்ணன் கெட்டவர் இல்லை. மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்கு அமலி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

சைக்கிள் அவளிடம் வந்தது போன வருஷம். கோயம்புத்தூரிலிருந்து பன்னிரண்டு பேர், இறுக்கமான கால்சட்டையும் தலைக்கவசமுமாக, மெல்லிய டயர் போட்ட, ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிள்களில் மலைச்சாலையைப் பார்க்க வந்தார்கள். அதில் ஒருத்தர் வெயில் தாங்காமல் அவளுடைய பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு கூடைப் பன்னீர் திராட்சையைத் தின்று, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இந்த ஏத்தம் எனக்கு இந்தப் பிறவிக்குப் போதும், இத நீங்களே வச்சுக்கங்க" என்று சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு கம்பத்துக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். அவள் கல்தூணைப் பிடித்து ஏறிப் பழகினாள், இரண்டு தடவை விழுந்தாள், ஒரு மாதத்தில் தோட்டத்துக்கு அதிலேயே போய்வர ஆரம்பித்தாள். ஊரும் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தோட்டத்து வாசலில் பிரேக்கைப் பிடித்தாள், சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், அப்போதும் போய்க்கொண்டே இருந்தது. காலை மிதியிலிருந்து எடுத்தாள், மிதி தானாகச் சுற்றியது. ஹேண்டிலைத் திருப்பினால் திரும்பியது, மணியை அடித்தால் அடித்தது, நிற்பதை மட்டும் அது மறந்துவிட்டிருந்தது. அமலோற்பவம் பதறுகிற ஆளில்லை. முட்டுச்சந்துக்குள் போனால் சுவரில் மோத வேண்டும், அதனால் முடிவில்லாத வழியாகப் பார்த்துப் போக வேண்டும் என்று யோசித்தாள். அப்படி ஒரே ஒரு வழிதான் இருந்தது. சர்ச்சைத் தாண்டி, பந்தல்களுக்கு நடுவே மேடேறி, ஏழு வளைவுகளில் இறங்கி, தென்னந்தோப்பு வழியாக முல்லையாற்றின் ஓரப் பாதைக்கு வந்து, பாலத்தைத் தாண்டி, திரும்ப ஊருக்கே வந்து சேர்கிற பதினேழு கிலோமீட்டர். அதில் திருப்பிவிட்டாள்.

முதல் சுற்று முடிந்து ஊருக்குள் வந்தபோது டீக்கடையில் இருந்த நாலு பேர் ஓடிவந்து சீட்டைப் பிடித்தார்கள், பிடித்தவர்கள் சர்ச் வரைக்கும் இழுபட்டுப்போய் ஆளுக்கு ஒரு செருப்பை இழந்தார்கள். இரண்டாவது சுற்றில் தெருவை அடைத்து வைக்கோல் போட்டார்கள், சைக்கிள் வைக்கோலுக்குள் புகுந்து தலையில் ரெண்டு தாளோடு அவளை வெளியே கொண்டுவந்தது. மூன்றாவது சுற்றில் ஞானப்பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினார்.

"அமலி, குதிச்சிரு."

"எதுக்குண்ணே?" என்று கேட்டுவிட்டு அவள் மேடேறிப் போய்விட்டாள்.

கேட்ட பிறகுதான் அவளுக்கே அது நல்ல கேள்வி என்று பட்டது. கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, மேட்டில் ஏறும்போதும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஆடிக்காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது, பந்தல்களுக்கடியில் கருத்த குலைகள் ஆயிரக்கணக்கில் பின்னால் ஓடின, ஏழு வளைவிலும் வயிற்றுக்குள் ஏதோ ஜிவ்வென்று கிளம்பித் தொண்டைக்கு வந்தது. ஆறாவது வளைவில் அது என்னவென்று பார்த்தாள், சிரிப்பு. தோப்புக்குள் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள், தனியாகச் சிரித்துக்கொண்டு ஒரு பொம்பளை அம்பு மாதிரிப் போவதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல மரமேறினார்கள்.

மறுநாள் விடிந்தும் அவள் சுற்றிக்கொண்டிருந்தபோது ஊர் இதற்கு மேல் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்ற முடிவுக்கு வந்தது. பாலத்தில் ஒருவர் வாழையிலையில் சுருட்டிய இட்லியை நீட்டினார், சர்ச் வாசலில் இன்னொருவர் காப்பியைக் குழாய் வைத்த போத்தலில் நீட்டினார், வெள்ளிக்கிழமை உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் பொட்டலம் கட்டிய பிரியாணியோடு வழியில் காத்திருந்து நீட்டினார். அவள் குளிப்பதற்காக ஆற்றோரப் பாதையில் நாற்பது பெண்கள் எதிரெதிராக நின்று சேலைகளைப் பிடித்து ஒரு நீண்ட சுரங்கம் அமைத்து, அதற்குள் மோட்டார் தண்ணீரைப் பூவாளித் தூறலாகத் தூவினார்கள். உள்ளே போனவள் ஈரமாக வெளியே வந்தாள், அடுத்த சுற்றில் காய்ந்திருந்தாள். மற்றது எப்படி என்று மெல்ல விசாரித்தவர்களிடம், ஏறினதிலிருந்து அதற்குத் தேவையே வரவில்லை என்றாள்; அது ஒரு பெரிய வசதிதான் என்று பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். தூக்கம் அவளுக்கு நேரான பாதையில் மட்டும் வந்தது, வளைவு வந்ததும் தானாகக் கலைந்தது.

ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம், ஒரு நிமிஷம் கூடாது, ஒரு நிமிஷம் குறையாது. ஊருக்குள் அவ்வளவு ஒழுங்காக எதுவும் அதற்கு முன்னால் வந்ததில்லை. டீக்கடை லாசர் தன் சர்க்கரை மாத்திரையைத் தினமும் அவள் எட்டாவது சுற்றுக்கும் பதினாறாவது சுற்றுக்கும் போட ஆரம்பித்தார், மடை திருப்புகிறவர்கள் 'உனக்கு ரெண்டு அமலி, எனக்கு ரெண்டு அமலி' என்று தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டார்கள், சண்டை போடாமல். அவளிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் அவள் கடக்கிற ஐந்து நொடியில் கேட்டுவிட வேண்டும், பதில் அடுத்த சுற்றில்தான் வரும். அதனால் ஊரே ஒரு மணி நேரம் காத்திருக்கத் தகுதியான கேள்விகளை மட்டும் கேட்கப் பழகியது. எத்தனை கண் விட்டு வெட்டுவது என்று கேட்ட மாமியாரும் மருமகளும், பதில் வருவதற்குள் பேசிப் பேசி அவர்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஞானப்பிரகாசம் மட்டும் அவசரப்பட்டார்.

"அமலி, சாம்பார்ப் பொடி எங்க?"

ஒரு மணி நேரம் கழித்து, "மேல் தட்டுல, நீல மூடி."

"அது மல்லிப்பொடி."

ஒரு மணி நேரம் கழித்து, "அதுக்குப் பின்னால."

இப்படியே முதல் நாள் சாம்பார் இரவு ஏழு மணிக்குத் தயாரானது, வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ரசம் ரசம் மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் அவரே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து ஓடியபடியே நீட்டினார். அவள் குடித்துவிட்டு, "நல்லாருக்குண்ணே" என்றாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் கொஞ்ச நேரம் நின்றார்.

அவளோடு ஐந்து நொடிக்கு மேல் பேச முடிந்தவர் ஒருவர்தான். சூசைமாணிக்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது, பாரவண்டி மாதிரிக் கனத்த சைக்கிளில் பின்னால் தகரப் பெட்டி கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு, பன்னும் ரொட்டியும் விற்கிறவர். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் ரொட்டி ஆறிவிடும் என்று சொல்லிப் போய்விடுவார். முப்பது வருஷமாக அதே மேட்டில் ஏறிய கால், அதனால் அவளுக்குப் பக்கத்திலேயே வர அவரால் முடிந்தது.

"ரொட்டிக்காரண்ணே, உங்களுக்கு மூச்சு வாங்கலையா?"

"வாங்குது. அதப் பாத்தா யாவாரம் ஆகுமா?"

முதல் நாள் ரொட்டியைப் பற்றிப் பேசினார்கள், இரண்டாம் நாள் காற்றைப் பற்றி, மூன்றாம் நாள் அவருடைய அப்பா சாகும்போது என்ன சொன்னார் என்பதைப் பற்றி, நான்காம் நாள் எதைப் பற்றியும் பேசாமல் ஒரு முழுச் சுற்று போனார்கள். ஐந்தாம் நாள், வளைவுகள் தொடங்குகிற இடத்தில், சூசைமாணிக்கம் எதிரே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே அண்ணேன்னு கூப்பிடாதீக."

அவள் ஏழு வளைவும் இறங்கினாள். தோப்பு வந்ததும், "பெறகு என்னன்னு கூப்பிட?" என்று கேட்டாள்.

"வீட்ல சூசைன்னு ஒரு பேரு வச்சிருக்காக."

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, கறிச்சோறு முடிந்து, ஊர் கண்ணயர்ந்திருந்த மத்தியானம், ஆற்றோரப் பாதையில் ஒரு கீரிப்பிள்ளை குறுக்கே ஓடியது. அமலோற்பவம் பழக்க தோஷத்தில் பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நின்றது.

ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். மண் ஈரமாக இருந்தது. ஆறு போய்க்கொண்டிருந்தது, நாணல் அசைந்துகொண்டிருந்தது, அவள் மட்டும் நின்றாள். ஆறு நாளாக ஓடிக்கொண்டிருந்த உலகம் அப்படி அசையாமல் நின்றதில் அவளுக்குத் தலை சுற்றியது. இனி இறங்கலாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போனால் ஊரே வந்து பார்க்கும், ஒரு வாரம் பேசும், அதன்பிறகு மல்லிப்பொடிக்குப் பின்னால் சாம்பார்ப் பொடி இருக்கும், மூன்று வேளையும் இருக்கும். அவள் அழவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. சூசைமாணிக்கம் வந்து நின்றார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றது அதுதான் முதல் தடவை. தான் நினைத்ததைவிட அவர் குள்ளம் என்று அவளுக்குத் தெரிந்தது, அவளுடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது அவருக்குத் தெரிந்தது.

"நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்."

அவர் ஆற்றைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு பன்னை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நான் எதையும் பாக்கல. எனக்கு ரொட்டி விக்கணும்" என்று சொல்லி மெதுவாக மிதித்தார், மெதுவாக, பின்னால் வருகிறவர் எட்டிப் பிடிக்கிற அளவுக்கு மெதுவாக. அமலோற்பவம் பன்னை வாயில் கவ்விக்கொண்டு ஏறி மிதித்தாள்.

அந்த நிமிஷத்திலிருந்து அது வெறும் சைக்கிள். மேடு மேடாகவே இருந்தது. தொடை எரிந்தது, மூச்சு வாங்கியது, ஆடிக்காற்று எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. மற்ற தேவைகளும் ஆறு நாள் பாக்கியோடு வந்து சேர்ந்ததில் தென்னந்தோப்பில் ஒரு மறைவான இடம் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் லாசரின் மாத்திரை பிந்தும், மடை பிந்தும், ஊர் சந்தேகப்படும். சூசைமாணிக்கம் அவளுக்கு முன்னால் போனார். அவருடைய தகரப் பெட்டிக்குப் பின்னால் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போனால் காற்றே இல்லை, வெதுவெதுப்பான ரொட்டி வாசம் மட்டும்தான் இருந்தது. இருட்டின பிறகு அவள் தோப்புக் குடிசையில் படுத்துக்கொண்டாள், அவளுடைய மணியைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அவர் சுற்றினார். இருட்டில் ஊருக்கு மணிச்சத்தம் போதுமானதாக இருந்தது. பகலில் அவள் தனியாகப் போகிற சில சுற்றுகளில் அவர் அதே குடிசையில் கண்ணயர்ந்தார்.

திங்கட்கிழமை காலை, மேட்டின் பாதியில், அவருடைய முதுகைப் பார்த்து அவள் கேட்டாள்.

"சூசை, என்னயக் கட்டிக்கிறீகளா?"

அவர் கொஞ்ச தூரம் மிதித்தார். "இத எறக்கத்துல கேட்டிருக்கக் கூடாதா? மூச்ச விட்டுட்டாவது பதில் சொல்லுவேன்ல."

"எறக்கத்துல காத்துல காது கேக்காது."

"சரி" என்றார்.

"என்ன சரி?"

"கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஆளே இல்லாத மேட்டில், ஒரு ரொட்டி வாங்க ஒருத்தரும் இல்லாத இடத்தில், ஹாரனை மூன்று தடவை அமுக்கினார்.

பங்குத்தந்தை இருதயராஜிடம் சொன்னபோது அவர் ஒரு இரவு முழுக்கப் புத்தகங்களைப் புரட்டினார், மேலே பேசி அனுமதி வாங்கினார், மணமக்கள் நின்றுகொண்டுதான் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்று அறிவித்தார். ஊர் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஆடியது. ஞானப்பிரகாசத்திடம் அவள் கடக்கும்போது சொன்னாள். அவருக்கு அது விளங்க ஒரு சுற்று ஆனது.

"நல்ல விஷயம்தான், எறங்கி வீட்டுக்கு வா, ஒக்காந்து பேசுவோம்" என்றார் அடுத்த தடவை.

"எறங்க முடியாதுண்ணே."

அண்ணனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அதற்கடுத்த சுற்றில் அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் அவளோடு மேடேறியது, வளைவுகளில் இறங்கியது, தகரப் பெட்டியின் மறைவிலும் விடவில்லை.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஓடக்கூடிய சக்கரம் எல்லாம் ஆற்றோரப் பாதையில் ஓடியது. முன்னால், சர்ச் வேலைகளில் ஃபாதருக்கு உதவுகிற உபதேசியாரின் ஸ்கூட்டரில், பின் சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பூசை உடையில் காற்று புகுந்து பூசணிக்காய் மாதிரி உப்ப, ஃபாதர். அவருக்குப் பின்னால் வெள்ளைப் பட்டுச்சேலையில் அமலோற்பவம், பக்கத்தில் புது வேட்டியில் சூசைமாணிக்கம், பெட்டிக்குக்கூடச் செவ்வந்தி மாலை. அதற்குப் பின்னால் மினி லாரியில் பாடகர் குழுவும் ஆர்மோனியமும், அதற்குப் பின்னால் மொபெட்டும் புல்லட்டும் திராட்சைப் பெட்டி ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியும், கடைசியில் ஓட்டத் தெரியாதவர்கள் ஓடியும் வந்தார்கள். ஞானப்பிரகாசம் தங்கைக்கு அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார், ஒன்பது நாளில் அவருக்கு ஓடப் பழகியிருந்தது.

"அமலோற்பவம்," என்று ஃபாதர் காற்றை மீறிக் கத்தினார், "யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழுச் சுதந்திரத்தோடு இங்கே வந்திருக்கிறாயா?"

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் பிடித்தாள்.

சைக்கிள் நின்றது. சூசைமாணிக்கம் நின்றார். மினி லாரி கிறீச்சென்று நின்றதில் ஆர்மோனியக்காரர் கட்டைகள்மேல் குப்புற விழுந்து ஒரு நீளமான சத்தம் எழுந்தது, புல்லட்டின்மேல் மொபெட்டும் மொபெட்டின்மேல் ஓடிவந்தவர்களும் சாய்ந்தார்கள், ஃபாதர் மட்டும் கேள்வி கேட்ட வாயோடு ஐம்பதடி தள்ளிப் போய், உபதேசியாரின் தோளைத் தட்டித் திரும்பி வந்தார்.

"மூணு நாளாவே நிக்குது, ஃபாதர்," என்றாள் அமலோற்பவம். "நானாத்தான் மிதிச்சுக்கிட்டிருந்தேன்."

ஆறு மட்டும் சத்தம் போட்டது. ஒன்பது நாளும் அதிசயத்துக்கு இட்லி சுருட்டியவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். கீழே விழுந்திருந்த லாசர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இந்த மூணு நாளும் மணிக்கு மணி சரியாத்தான வந்த?"

"வந்தேன்."

"நேத்து ராத்திரி?"

"ராத்திரி அவுக வந்தாக" என்று சூசைமாணிக்கத்தைக் காட்டினாள்.

"ஆளு மாறினாலும் மணி மாறலையே. எனக்குச் சர்க்கரை கொறஞ்சிருக்கு" என்றார் லாசர். அத்தோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது, அவர் முடித்ததைப் பார்த்து மற்றவர்களுக்கும் முடிந்துவிட்டது.

ஞானப்பிரகாசத்துக்கு முடியவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கிட்ட எறங்க முடியாதுன்னு சொன்ன."

"சொன்னேண்ணே. எறங்கினா வீட்டுக்கு வந்திருவேன்னு பயமா இருந்துச்சு."

அவர் அவளுடைய காலைப் பார்த்தார். பட்டுச்சேலைக்குக் கீழே ஆடுசதை தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எறங்கு, நான் சைக்கிளப் பிடிச்சுக்கிறேன். நின்னு நல்லபடியாச் சொல்லு."

அவள் இறங்கினாள். அண்ணன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். ஃபாதர் திரும்பக் கேட்டார், அவள் தரையில் இரண்டு காலையும் ஊன்றி, "ஆமாம், ஃபாதர்" என்றாள், சூசைமாணிக்கம் சொன்ன "ஆமாம்" பாலம்வரை கேட்டது; தாலி கட்டியாயிற்று, பெண்கள் குலவையிட்டார்கள், ஆர்மோனியக்காரர் உடையாத கட்டைகளாகப் பார்த்து வாசித்தார்.

அந்தக் குலவை அடங்குகிற நேரத்தில்தான் ஞானப்பிரகாசத்தின் கைக்குள் ஹேண்டில்பார் முன்னால் இழுத்தது. அவர் இரண்டடி நடந்தார், நாலடி ஓடினார்.

"விட்டுருண்ணே" என்றாள் அமலோற்பவம்.

"பிடிச்சுக்கிறேன்னு சொல்லிட்டேனே" என்றவர், ஓடின வேகத்தில் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, தன் கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாக சைக்கிள் ஓட்டின ஆள், வேட்டி படபடக்க, இரண்டு ஆட்டம் ஆடி நிமிர்ந்து, பாலத்தில் ஏறிப் போய்விட்டார். எல்லோரும் மணி பார்த்தார்கள். பதினொன்று பத்து.

பன்னிரண்டு பத்துக்குப் பாலத்தில் வந்தார். முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது, துண்டைக் காணோம்.

"குதிக்கிறியாண்ணே?" என்று கேட்டாள் தங்கை.

ஒன்று பத்துக்குப் பதில் வந்தது. "எறக்கம் இப்படி இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே" என்று கத்திச் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு பந்தல்களுக்கு நடுவே மேடேறிக் குறைந்துகொண்டே போய்க் கேட்காமல் போகிறவரை ஊர் கேட்டுக்கொண்டு நின்றது.

அதற்கப்புறம் சர்ச் மைதானத்தில் பந்தி. அமலோற்பவம் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள், பக்கத்தில் சூசைமாணிக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். மணி இரண்டை நெருங்கியதும், யாரும் சொல்லாமலே பந்தியில் பாதிப் பேர் எழுந்து, கை கழுவி, ஒருத்தர் சோற்றை இலையில் சுருட்டிக்கொண்டு, ஒருத்தர் ரசத்தைக் குழாய் வைத்த போத்தலில் ஊற்றிக்கொண்டு, பாலத்தைப் பார்த்து நடந்தார்கள். அமலோற்பவம் எழுந்திருக்கவில்லை. இலையை ஒருமுறை பார்த்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.